விழித்திரையும் உடல்நலமும்: தோட்டத் தமிழர் வரலாற்றில் ஒரு பகுதி

சித்த மருத்துவ நூலார் நோயைத் துணிவதற்கு எண்வகைத் தேர்வுகளைக் கூறினர். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. எட்டனுள் ஒன்றாக விழியை வைத்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது. கண்ணில் தோன்றும் மாறுதலைக் கண்ணோடு மட்டும் நிறுத்தாமல், உடம்பு முழுவதன் நிலையையும் உணர்த்தும் குறியாக அவர்கள் கொண்டனர். வெண்விழி மஞ்சள் பூத்தால் காமாலை என்றனர். கீழிமையின் உட்புறம் வெளுத்தால் சோகை என்றனர்.

எனினும் அவர்கள் கண்டது விழியின் புறத்தோற்றமே. கருமணியின் நடுவே தோன்றும் கரிய புள்ளி உண்மையில் ஒரு வாயில். அதற்கு அப்பால் உள்ள இருட்டறையின் பின்சுவரில் விரிந்து கிடப்பதே விழித்திரை. ஒளியை ஏற்று மூளைக்குச் செய்தியாக்கி அனுப்புவது அதன் தொழில். அதன்மேல் நுண்ணிய குருதிக் குழாய்கள் கொடிபோற் படர்ந்துள்ளன. தோலைக் கீறாமல், உறுப்பைத் திறவாமல், உயிருள்ள மனிதனின் குருதிக் குழாய்களை உள்ளவாறே காணத்தக்க அரிய இடம் இது. இதனாலேயே விழித்திரையின் ஆராய்ச்சி கண் மருத்துவத்தின் எல்லையைக் கடந்து உடல்நல ஆராய்ச்சியாக வளர்ந்தது.

அந்த வளர்ச்சியின் வரலாற்றை இலண்டனிலும் பெர்லினிலும் மட்டும் தேடுதல் போதாது. அதன் சில பக்கங்கள் நெகிரி செம்பிலானோடும், அங்கே பால்மரக் காடுகளில் உழைத்த தமிழரோடும் பின்னிக் கிடக்கின்றன.

திரை விலகிய காலம்

கண் மருத்துவத்துக்கெனச் சென்னையில் ஒரு மருத்துவமனை 1819 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. இன்று எழும்பூரில் விளங்கும் அதுவே ஆசியாவின் பழைமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. ஆயினும் அந்நாளில் சென்னை மருத்துவர்க்கோ இலண்டன் மருத்துவர்க்கோ உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்கும் வழி தெரியாது. 1850 இல் செருமானிய அறிஞர் எர்மான் வான் எல்மோல்ட்சு, ஒளியை விழிக்குள் செலுத்தி உட்புறத்தைக் காணும் சிறு கருவியை அமைத்தார். அடுத்த ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தார். அன்றே அந்த இருட்டறையில் விளக்கேற்றப்பட்டது.

சிறுநீரக நோயாளர் சிலர் பார்வை இழப்பதை இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிரைட் 1836 இலேயே குறித்திருந்தார். இரு நோய்களுக்கும் உள்ள தொடர்பு புதிய கருவி வந்தபின்பு கண்ணெதிரே புலனாயிற்று. வியன்னாவின் எடுவர்டு யேகர் 1850களின் நடுவில், நீரிழிவு உடையவரின் விழித்திரையில் தாம் கண்ட மாறுதல்களை வெளியிட்டார். அந்நாளில் கண் மருத்துவத்தின் பேராசானாக மதிக்கப்பெற்ற ஆல்பிரெக்ட் வான் கிரேபே இதனை ஏற்கவில்லை. நீரிழிவே காரணம் என்பதற்குச் சான்று போதாது என்றார். வழக்கு நெடுநாள் நடந்தது. 1872 இல் இலண்டனின் எட்வர்டு நெட்டில்சிப் சான்று காட்டிய பின்பே யேகரின் பக்கம் வலுப்பெற்றது.

இரத்தக் கொதிப்பும் இவ்வாறே. 1890களில் மார்க்கசு கன், விழித்திரைக் குழாய்களின் சுருக்கத்தையும், குழாய்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் ஏற்படும் அழுத்தத்தையும் விளக்கினார். 1939 இல் அமெரிக்க மருத்துவர்களாகிய கீத், வேக்னர், பார்க்கர் என்னும் மூவர், கொதிப்பு நோயாளரை விழித்திரையின் நிலைகொண்டு நான்கு வகையாகப் பிரித்தனர். மருந்து அரிதாயிருந்த அக்காலத்தில் நான்காம் வகையினருள் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். கண்ணைப் பார்த்து ஆயுளைக் கணிக்கலாம் என்னும் நிலை அன்று வந்தது. அது சோதிடமன்று; குருதிக் குழாயின் சான்று.

சிரம்பானும் புழுங்கலரிசியும்

மேனாட்டில் விழித்திரையைக் கொண்டு உடல் நோயை அறிந்து வந்த அதே காலத்தில், உணவைக் கொண்டு நோயை அறியும் ஆராய்ச்சி ஒன்று சிரம்பானில் நடந்தது. இவ்விரண்டு நெறிகளும் பின்னாளில் ஒன்றுகூடியமையால் அதனை ஈண்டுக் கூறவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து மக்கள் இறந்தனர். நெகிரி செம்பிலானின் அரசாங்கத் தலைமை மருத்துவராயிருந்த வில்லியம் லெனார்டு பிராடன் ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்கினார். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே இந்நோய் மிகுதி. தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய்க்காரரிடையே குறைவு. தோட்டத் தமிழரிடையேயும் மிகக் குறைவு. இடம் ஒன்று, மழையும் வெயிலும் ஒன்று, வேறுபட்டது சோறுதான். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

பிராடன் தம் முடிபுகளை 1907 இல் நூலாக வெளியிட்டார். நெடுநாள் இருப்பில் கிடந்த பச்சரிசியில் ஏதோ நஞ்சு தோன்றுகிறது என்பது அவர் கருத்து. நிகழ்ச்சியைச் சரியாகக் கண்டவர் காரணம் கூறுவதில் தவறினார். அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெச்சர் ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தார். பச்சரிசி உண்டோரிடையே நோய் பரவியது, பலர் இறந்தனர்.

பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் இசுடாண்டனும் நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தைத் தேர்ந்தனர். அங்கே காட்டினூடே சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கினர். வெள்ளரிசி உண்ட பிரிவில் சில திங்களில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் நோயும் பக்கம் மாறியது. 1909 இல் முடிபு வெளிவந்தது: அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டோடு போய்விடும் ஒரு பொருளின் குறைவே நோய்க்குக் காரணம். அறியாத மக்களின் உயிரைப் பணயமாக வைத்த இத்தகைய சோதனைக்கு இன்றைய மருத்துவ அறநெறி இடம் தாராது என்பதையும் மறத்தலாகாது.

நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது தவிட்டில் உள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் அது முழுதும் நீங்குவதில்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் நெல் அவித்த தாய்மார் இதனை அறிந்து செய்தாரல்லர். அரிசி நொறுங்காமலும் நெடுநாள் கெடாமலும் இருக்கவே அவித்தனர். ஆயினும் அவ்வழக்கம் கடல் கடந்து வந்து அவர்தம் மக்களைக் காத்தது.

இதனால் தோட்டத் தமிழர் நலமாக வாழ்ந்தனர் என்று கொள்ளுதல் தவறு. மலேரியாவும் சீதபேதியும் கொக்கிப்புழுவும் ஆயிரக்கணக்கானோரைப் புதைகுழிக்கு அனுப்பின. பெரிபெரி ஒன்றினின்று அவர்கள் ஓரளவு தப்பினர் என்பதே வரலாறு.

மாலைக்கண் சொல்லும் செய்தி

உணவில் இல்லாத ஒன்று நோயாக வெளிப்படும் என்னும் கருத்து நிலைபெற்றதும் உயிர்ச்சத்து ஆராய்ச்சி விரைந்தது. 1912 இல் காசிமிர் பங்கு அப்பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரின் மூலவடிவைச் சூட்டினார். 1913 இல் அமெரிக்காவில் மெக்காலமும் தேவிசும் வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சட் கருவிலும் உள்ள ஒரு பொருளைக் கண்டனர். அதுவே பின்னர் 'ஏ' உயிர்ச்சத்து எனப்பட்டது. 1933 இல் சார்ச்சு வால்டு அச்சத்து விழித்திரையிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார். மங்கிய ஒளியில் காண உதவும் செந்நிறப் பொருள் ஒன்று விழித்திரையில் உண்டு. ஒளி பட்டதும் அது வெளுக்கும். மீண்டும் உருவாக 'ஏ' சத்து வேண்டும். சத்துக் குறைந்தால் அந்திப்பொழுதில் கண் மறைக்கும். மாலைக்கண் நோயின் மறைபொருள் இதுவே. இவ்வாராய்ச்சிக்காக வால்டு 1967 இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.

மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலையும் முருங்கைக் கீரையையும் கொடுப்பது தமிழகத்து நாட்டு மருத்துவம். ஈரலே 'ஏ' சத்தின் களஞ்சியம். முருங்கையிலையில் உள்ள பொருள் உடலில் அச்சத்தாக மாறுகிறது. லயத்தின் பின்புறத்தில் ஒரு முருங்கையை நட்டுவைத்த பாட்டி, தெரிந்தோ தெரியாமலோ தன் பேரப்பிள்ளைகளின் விழித்திரைக்கு உணவு நட்டாள்.

பால்மரம் வெட்டுவோர்க்கு இந்நோய் வயிற்றிலடிக்கும் நோயாகும். குளிர்ந்த விடியற்பொழுதிலேயே பால் நன்கு வடியுமாதலால், இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கிய வெளிச்சத்தில் கத்தியைப் பட்டையில் வைக்க வேண்டும். சிறிது ஆழம் மிகுந்தால் மரத்துக்குக் காயம். சிறிது குறைந்தால் பால் குறையும். கண் சரியாகத் தெரியாதவனுக்குக் கூலியும் சரியாகக் கிடைக்காது.

குழந்தைகளின் நிலையோ இதனினும் கொடிது. தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டின் பாலைக் கொடுக்கும் வழக்கம் மலாயாவிலும் பரவியது. கொழுப்பு நீக்கிய டின் பாலில் 'ஏ' சத்து இல்லை. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவ அம்மையார் சிசிலி வில்லியம்சு 1939 இல் அங்கே ஆற்றிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு இவ்வழக்கத்தைக் கடிந்தார்.

மாலைக்கண் கண்ணை மட்டும் பற்றியதன்று என்னும் உண்மை 1983 இல் துலங்கிற்று. ஆல்பிரெடு சாமர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர், மேற்குச் சாவகச் சிற்றூர்களில் குழந்தைகளைப் பலமுறை சோதித்து வந்தார். மாலைக்கண் முதலிய இலேசான கண்குறி உடைய குழந்தைகள், அக்குறி இல்லாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக இறந்ததை அவர் கண்டார். அவர்கள் இறந்தது கண்ணோயால் அன்று. வயிற்றுப்போக்கும் மூச்சுநோயும் கொண்டுபோயின. உடம்பின் எதிர்ப்பாற்றல் குன்றியதைக் கண் முன்னரே அறிவித்திருந்தது. 1986 இல் வெளிவந்த அச்சே ஆய்வு, இச்சத்தைப் பெற்ற ஊர்களில் குழந்தை இறப்புக் குறைந்ததைக் காட்டியது.

அடுத்த சான்று தமிழகத்திலிருந்து வந்தது. திருச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளைக் கொண்டு நடத்தி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் 1990 இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. வாரந்தோறும் சிறிதளவு 'ஏ' சத்துப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. பிற்காலத்தில் உத்தரப் பிரதேசத்தில் நடந்து 2013 இல் வெளியான பேராய்வு இத்துணைப் பயனைக் காணவில்லை. எனவே அளவு பற்றிய வழக்கு இன்னும் உண்டு. நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குப் பாட்டன்மார் புறப்பட்டு வந்த மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

போர்க்காலத்துப் பாடம்

1942 இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் அடைபட்ட படைக்கைதிகளுள் பலருக்குச் சில திங்களிலேயே பார்வையின் நடுப்பகுதி மங்கியது. எழுத்துத் தெரியவில்லை, எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு சத்துணவின்றி வாடியதே காரணம். பெரிபெரி ஆராய்ச்சியும் கண் ஆராய்ச்சியும் இவ்விடத்தில் கைகோத்தன. கைதிகளுள் மருத்துவரும் இருந்தமையால் இவை குறித்துவைக்கப்பட்டுப் பின்னர் ஆய்வுலகத்துக்குக் கிடைத்தன.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். படைக்கைதிகளுக்கு இருந்ததைப் போன்ற மருத்துவர் அணி அவர்களோடு இல்லை. பட்டினி இருசாரார்க்கும் பொது. ஒருசாரார் கண்கள் மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றன. மற்றவர் கண்கள் பாதையோரத்து மண்ணில் மூடின.

குறைவிலிருந்து மிகுதிக்கு

விடுதலைக்குப் பின் காலம் மாறியது. பால்மரம் நின்ற இடங்களிற் பெரும்பகுதியைச் செம்பனை பிடித்தது. செம்பனைப் பழத்தினின்று பிழிந்த எண்ணெயின் செந்நிறம், 'ஏ' சத்தாக மாறும் பொருளால் வந்தது. தூய்மைப்படுத்தும்போது அந்நிறமும் அப்பொருளும் நீங்கிவிடுகின்றன. செம்பனைக் குலையைச் சுமந்தவர் வீட்டு அடுப்பில் காய்வது நிறமற்ற எண்ணெயே. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் போக, ரந்தாவிலும் சிலியாவிலும் பகாவிலும் வாழ்ந்த குடும்பங்கள் பல சிரம்பான், நீலாய் முதலிய நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன. உடலுழைப்புக் குறைந்தது, வெள்ளைச் சோறும் சீனி கரைத்த தேநீரும் குறையவில்லை. முன்பு சத்துக் குறைவினால் வாடிய விழித்திரை, இன்று சர்க்கரை மிகுதியால் வாடத் தொடங்கிற்று.

2019 இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இனங்களுள் இந்தியரிடையே அது மிகுதி. மாநிலங்களுள் நெகிரி செம்பிலான் முன்னணியில் நின்றது. அங்கே ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு அந்நோய் காணப்பட்டது. 2023 ஆய்வில் நாட்டின் அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் ஆறு பேரில் ஒருவர் என்பது சிறிய அளவன்று.

குருதியில் சர்க்கரை மிகுந்து நின்றால் நுண்குழாய்களின் சுவர் நைந்துபோகும். அங்கங்கே குமிழ்போற் புடைக்கும். நீரும் குருதியும் கசியும். பின்னர் வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து வெடிக்கும். அன்றே பார்வை இருண்டுபோகும். சிறுநீரகத்திலும் இத்தகைய நுண்குழாய்களே உள்ளன. ஆதலின் விழித்திரை பழுதுற்றவரின் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. இரண்டும் ஒரே நோயின் இரு களங்கள்.

சென்னையில் 2000க்குப் பின் நடந்த இரு பெரிய ஆய்வுகள், இனிப்புநீர் உடையோருள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவில் விழித்திரைப் பழுது இருப்பதைக் காட்டின. அவற்றுள் ஒன்று சங்கர நேத்திராலயம் நடத்தியது. சிங்கப்பூரில் 2007 முதல் 2009 வரை 3,400 இந்தியரைச் சோதித்த ஆய்வில், நோயுடையோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு அப்பழுது இருந்தது.

தடுக்கும் வழியும் தெளிவாகிவிட்டது. தக்க காலத்தில் ஒளிக்கதிரால் சுடும் மருத்துவம் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று 1976 இல் அமெரிக்க ஆய்வு ஒன்று நிறுவியது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் விழித்திரைப் பழுது பெரிதும் குறையும் என்பதை 1993 இல் அமெரிக்காவிலும் 1998 இல் பிரிட்டனிலும் முடிந்த நெடிய ஆய்வுகள் காட்டின. இரத்தக் கொதிப்பைக் குறைப்பதும் கண்ணைக் காக்கும் என்பதைப் பிரிட்டானிய ஆய்வு உடன் உரைத்தது.

புதிய கருவிகளும் பழைய கடமையும்

2001 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விழித்திரைக் குழாய்களின் பழுது பின்னாளில் வரக்கூடிய பக்கவாதத்தை முன்னறிவிக்கும் என்றது. அதன் ஆய்வாளருள் ஒருவர் சிங்கப்பூரைச் சேர்ந்த தியென் யின் வோங். 2016 இல் விழித்திரைப் படங்களைக் கணினியே ஆராய்ந்து நீரிழிவுப் பழுதைக் கண்டறியும் முறை வெளியாயிற்று; அதன் உருவாக்கத்தில் மதுரை, சென்னைக் கண் மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. 2018 இல் அத்தகைய கணினி, படத்தை மட்டும் கொண்டு ஒருவரின் வயதையும் இரத்த அழுத்தத்தையும் புகைப்பழக்கத்தையும் ஓரளவு ஊகித்துக் காட்டியது. இவை மருத்துவருக்குத் துணையாகலாம். மருத்துவரின் இடத்தைப் பிடித்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

கருவி எத்துணை வளர்ந்தாலும் கண்ணைக் கொண்டுவந்து அதன்முன் வைப்பவர் வேண்டுமே! இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் உள்ளது. தொடக்கத்தில் வலி இல்லை, மங்கல் இல்லை. "எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே, எதற்குச் சோதனை?" என்று கேட்பவரே பிற்காலத்தில் கைக்கோல் பிடிக்க நேர்கிறது. இனிப்புநீர் உள்ளவர் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் விழித்திரையைப் படமெடுக்கும் வசதி உண்டு.

இவ்விடத்தில்தான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தொண்டு பயன்படும். அந்தி சாய்ந்ததும் விளையாட்டைவிட்டு ஒதுங்கி நிற்கும் பிள்ளையையும், தட்டுத் தடுமாறும் பிள்ளையையும் முதலில் காண்பவர் அவரே. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தந்தை, கையெழுத்திடும்போது தாளைத் தள்ளிப் பிடிப்பதையும் கிட்டப் பிடிப்பதையும் காண்பவரும் அவரே. உணவும் உடலும் பற்றிய பாடத்தில் புழுங்கலரிசியின் வரலாற்றையும், முருங்கையின் அருமையையும், ஆண்டுக்கொரு கண்சோதனையின் தேவையையும் சேர்த்துச் சொன்னால், அப்பாடம் பிள்ளையின் வழியே வீட்டுக்குள் நுழையும். மருத்துவர் சொல்லைத் தட்டும் தகப்பனும் மகள் சொல்லைத் தட்டமாட்டான்.

நூறாண்டுகளுக்கு முன் சிரம்பானில் ஒரு மருத்துவர் தமிழரின் சோற்றுப்பானையை உற்றுநோக்கி உலகுக்கு ஓர் உண்மையைத் தந்தார். இன்று அம்மக்களின் பேரப்பிள்ளைகள் தம் விழித்திரையைத் தாமே கவனித்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துள்ளது. கண் கெட்டபின் சூரிய நமசுகாரம் என்பது பழமொழி. கண் கெடுமுன் செய்யத்தக்கது அரைமணி நேரச் சோதனையே.